குறிப்பேட்டில் எழுதிய தூசி

எங்கள் தெருவில் அவளுக்கு வெயில்காரம்மா என்று பெயர். நாலு பக்கமும் மலை வளைத்துக்கொண்ட, சட்டியின் அடி போன்ற ஊர் இது. பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய வேலிக்குள், தரைக்கு எவ்வளவு வெயில் வருகிறது, தரை எவ்வளவு வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கும் கருவிகள் இருக்கின்றன. பதினொரு வருடமாக அவற்றைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். விடிந்ததும் கண்ணாடிக் குமிழைத் துடைப்பாள். மதியம் கருவி காட்டும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவாள்.

"என்ன வெயில்காரம்மா, இன்னைக்கு எத்தனை படி வெயில் வந்துச்சு?" என்பார் காய்கறிக் கடைக்காரர்.

"உங்க கடைப்பக்கம் அனுப்பட்டுமா? வாடினதெல்லாம் வத்தலாவது ஆகும்."

அவள் கணவர் தையல்காரர். குளிர்காலம் வந்தால் நாலு தையல் ஓட்டிவிட்டு மெஷின்மேல் கவிழ்ந்துகொள்வார். மூச்சு வாங்கும். காரணம் மலையடிவாரத்துச் செங்கல் சூளைகள். குளிர்காலத்தில் மலையைத் தாண்டிக் காற்று வராது. தரை சூடானால்தான் உள்ளே இருக்கும் காற்று எழும்பிப் புகையைத் தூக்கிக்கொண்டு போகும். புகையோ வெயிலைத் தரைக்கு விடாது. தரை குளிர்ந்து கிடக்கும், புகையும் கிடந்த இடத்திலேயே கிடக்கும், மறுநாள் புகை அதன்மேல் ஏறும். மலைமுகட்டில் மேகமும் வந்து உட்கார்ந்துவிட்டால் சட்டிக்கு மூடி போட்ட கதைதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே எண் குறைந்தது. தலைமை அலுவலகத்து எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மழை இல்ல, மேகம் இல்ல, வெயில் எங்கம்மா போச்சு? கண்ணாடியத் துடைச்சீங்களா?"

துடைத்திருந்தாள். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் எழுத்தில் விளக்கம் கேட்டார். நாலாம் நாள், எண்ணுக்குப் பக்கத்தில் 'கண்ணாடியில் தூசி' என்று எழுதிவைத்தாள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அதன்பின் எண் குறைந்த நாளெல்லாம் அதையே எழுதினாள். அது பெரிய தப்பாக அவளுக்குத் தோன்றவில்லை.

போன குளிர்காலத்தில் கணவர் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனா இவர் தாங்கமாட்டார்." அந்த டாக்டரம்மாவே, காற்றில்லாத இரண்டு மாதம் சூளைகளை மூடவேண்டும் என்று நகரசபைக்கு மனுப் போட்டார். நகரசபை வெயில் பதிவுகளைக் கேட்டு வாங்கியது. கருவிகளே சாட்சி சொல்லும் என்று அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

நகரசபைப் பொறியாளர் பதிவை வாசித்தார். பதினொரு வருடமும் வெயில் குறையவே இல்லை. 'தூசி' என்று எழுதிய நாளையெல்லாம், மலையுச்சியில் உள்ள கருவியின் எண்ணைப் பார்த்துத் தலைமை அலுவலகத்தில் கூட்டித் திருத்தியிருந்தார்கள்.

அவள் எழுந்தாள். "ஐயா, கண்ணாடியில தூசியே இல்ல. நான்தான் பொய்யா எழுதினேன். குறைஞ்சது வெயில்தான்."

சூளைக்காரர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "பதினோரு வருஷமா பொய் எழுதினவங்க, இன்னைக்கு மட்டும் நிஜம் பேசுறாங்களாம்!"

தலைவர் கோபப்படவில்லை. "எழுத்துல இருக்கிறத வச்சுத்தாம்மா முடிவு பண்ண முடியும். இந்த வருஷம் உள்ளத உள்ளபடி எழுதுங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

வீட்டில் சொன்னாள். கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: "அதுவரைக்கும் என்னை மூச்சப் பிடிச்சிட்டு இருக்கச் சொன்னாரா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருக்கு இருமல் வந்தது.

அடுத்த வாரம் சூளைகள் எரியத் தொடங்கின. பத்தாம் நாளுக்குள், நேற்றைய எண்ணைவிட இன்றைய எண் குறைவு என்பது வழக்கமாகிவிட்டது. மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸில் கணவரை மலைக்கு அப்பால் நாத்தனார் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கணவாய் ஏறியதும் பஸ் வெளிச்சத்துக்குள் வந்தது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் ஊரைக் காணோம். மலைகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு பரப்பு, அலையில்லாமல் தேங்கி நின்றது.

"நம்ம வீடு எந்தப் பக்கம்?"

அவள் குத்துமதிப்பாகக் கையைக் காட்டினாள்.

நாத்தனார் வீட்டு வாசலில் அவர் அவள் பையை விடவில்லை. "நீயும் இங்கயே இருந்துடேன்."

"அப்ப இந்த வருஷத்த யாருங்க எழுதுறது?"

திரும்புகிற பஸ்ஸில் ஏறியவர்கள் மூன்று பேர். பகல் மணி பதினொன்று. கணவாயைத் தாண்டி இரண்டாவது வளைவிலேயே டிரைவர் விளக்கைப் போட்டார்.