முறத்துக்குப் பின்னால் ஒரு குரல்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிட்டங்கியில் நான் வேலை கேட்டுப் போன அன்று கணக்குப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "பாடத் தெரியுமா?" என்பதுதான். யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

யாரும் சொல்லவில்லை. அங்கே எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. குரங்கணியிலிருந்து பொதிமாடுகளில் வந்திறங்கும் ஏலக்காயை முறத்தில் கொட்டி, காம்பு கிள்ளி, பருத்தது, சிறுத்தது, வெடித்தது என்று பிரித்துப் போட என்னோடு சேர்த்து இருபத்தோரு பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். காலையில் உட்கார்ந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். களைப்புத் தெரியாமல் இருக்கத்தான் என்று வெளியில் போகிறவர்கள் நினைப்பார்கள். வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு பாட முடியாது என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. வாயை மோந்து பார்த்துப் பயனில்லை. அந்தக் கிட்டங்கியில் சுவரில் ஓடுகிற பல்லிகூட ஏலக்காய் வாசம்தான் அடிக்கும். ஒருத்தியின் வாய் ஓய்ந்தால் கணக்குப்பிள்ளை தராசை விட்டு எழுந்து வருவார்.

"சுமாராப் பாடுவேன்" என்றேன்.

அது ஒரு பொய். அதோடு இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னேன். சொந்த ஊர் தேவாரம், யானை இறங்கி வெள்ளாமையை அழித்துவிட்டது என்பது ஒன்று. புருசன் கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான் என்பது இன்னொன்று. எனக்குப் புருசனும் இல்லை, வெள்ளாமையும் இல்லை. யானையை நான் கோயில் வாசலில்தான் பார்த்திருக்கிறேன்.

உண்மை என்னவென்றால், பதினோரு வருசம் நான் ஒரு நாடகக் கம்பெனியில் குரலாக இருந்தேன். நடிகை அல்ல, குரல். அந்தக் காலத்தில் பெண் வேசமும் ஆண்தான் கட்டுவார். எங்கள் கம்பெனியின் ராஜகுமாரி சேலை கட்டி வந்து நின்றால் பெண்களே பெருமூச்சு விடுவார்கள். மீசை முளைத்ததும் அவருடைய தொண்டை உடைந்து தகரமாகிவிட்டது. அந்த முகத்தை விட மனசில்லாத கம்பெனிக்காரர், ஆர்மோனியக்காரரின் மகளான என்னைப் பக்கப் படுதாவுக்குப் பின்னால் உட்கார வைத்தார். படுதாவில் எழுதியிருந்த மாமரத்தில் காசளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக அவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் வாயசைப்பார், நான் பேசுவேன், பாடுவேன், அழுவேன். நாளடைவில் மற்றப் பெண் வேசங்களுக்கும் நானே குரல் என்றாயிற்று. அப்பா ஆர்மோனியத்தைக் கொஞ்சம் ஓங்கி வாசித்து, குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பார்த்துக்கொள்வார். ஊருக்குள் போனால் நான் கம்பெனியின் சமையல்காரி.

பதக்கமெல்லாம் அவருடைய மார்பில்தான் குத்தினார்கள். அதைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை. ஓட்டை வழியாகவே உலகத்தைப் பார்த்து வளர்ந்தால் சந்தேகம் கூடப்பிறந்ததாகிவிடும். யாராவது என்னிடம் அன்பாகப் பேசினால், இந்தக் குரல் யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பேன். இன்றும் அப்படித்தான்.

போடியில் கொட்டகை போட்டு நாற்பது நாள் ஆடினோம். கடைசி நாள் காலையில் என் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். மத்தியானத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. டிக்கெட் விற்றாகிவிட்டது என்று ஆட்டத்தை நிறுத்தவில்லை. அப்பாவின் ஆர்மோனியத்தை வேறொருவர் வாசித்தார். அன்றைக்கு ராஜகுமாரி தகப்பனைப் பறிகொடுத்து அழுகிற கட்டம். நான் அழுதேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அழுதேன். கொட்டகை முழுக்க விசும்பல். ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையேறி ராஜகுமாரிக்குச் சால்வை போர்த்தினார். ராஜகுமாரி உள்ளே வந்து சால்வையை மடித்துக்கொண்டே, "இன்னைக்கு நல்லாப் பண்ணிட்டே" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்கவே இல்லை. மறுநாள் காலையில் வண்டி கட்டும்போது, வாய்க்காலுக்குக் குளிக்கப் போகிறேன் என்று போனவள் திரும்பவில்லை.

அப்படித்தான் கிட்டங்கிக்கு வந்தேன். நாடகக்காரி என்று தெரிந்தால் ஒண்டுக் குடித்தனம் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார எந்தப் பெண்ணும் சம்மதிக்கமாட்டாள். அந்த இருபது பேரும் நாடகம் பார்த்தவர்கள். ராஜகுமாரியின் பாட்டைக் காம்பு கிள்ளிக்கொண்டே முணுமுணுப்பார்கள். என் குரல் ஒருமுறை வெளியே வந்தால் சோறு போச்சு. எனக்குப் போக வேறு இடமும் இல்லை.

அதனால் வாயை மட்டும் அசைத்தேன். பதினோரு வருசம் ஒரு மனிதர் சத்தமில்லாமல் பாடியதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை. எங்கே மூச்சு இழுப்பது, எங்கே கழுத்தை நிமிர்த்துவது எல்லாம் அத்துப்படி. பேசவேண்டி வந்தால் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு இரண்டு வார்த்தை. என்னைச் சுற்றி இருபது வாய் பாட, கணக்குப்பிள்ளை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. எனக்குத்தான் எல்லார் மேலும் சந்தேகம். ஒருத்தி தேவாரத்தில் எந்தத் தெரு என்று கேட்டால், இவள் வேவு பார்க்கிறாள் என்று நினைப்பேன். ஒருத்தி கண்டியிலிருந்து கடுதாசி வருதா என்று கேட்டால், அன்றைக்குக் கஞ்சி இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளோ எதுவுமே கேட்கமாட்டாள். அவள்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் மென்று துப்பிய ஏலக்காய்த் தோல் ஒரு கைப்பிடி கிடந்தது. கணக்குப்பிள்ளை அதைக் காகிதத்தில் வைத்து, பிணத்தைக் காட்டுகிற மாதிரி வரிசை வரிசையாகக் காட்டினார்.

"எவ வாய்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா நாளைக்கு ஒருத்தியும் வரவேணாம்" என்றார்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் ஒரு காய்கூட இல்லை. ஆனாலும் நான் தலை நிமிரவில்லை. அப்போது பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யா, இந்தத் தேவாரத்துக்காரி வாயைத்தான் அசைக்கிறா. ரெண்டு மாசமா சத்தமே வரலே" என்றாள்.

இருபது தலையும் திரும்பின. கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு அவளையும் பார்த்தார். பாம்பின் கால் பாம்பறியும் என்பது அவருடைய கொள்கை.

"சரித்தா. மொதல்ல நீ தனியாப் பாடு. பெறகு அவ பாடட்டும். மத்தவங்க வாயைத் தெறக்கக் கூடாது."

வாசலில் பொதிமாட்டுக்காரர் சாக்கை இறக்கிக்கொண்டிருந்ததால் கணக்குப்பிள்ளை தராசடிக்குப் போய் நின்று, முதுகைக் காட்டியபடி காதை மட்டும் கொடுத்தார்.

நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். ஒரு தாடையையே பார்த்து வயது போனவள் நான். அவளுடைய இடது கன்னத்தில் காய் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. விழுங்கப் பார்த்தாள், குமட்டியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

பிறகு நான் செய்த காரியத்தைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். அவளை ஓர் அறை அறைய வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் ஒரு வாய் அசைந்து குரல் வராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. முறத்தைத் தூக்கி, தூசி ஊதுகிறவள்போல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"மலைக்குப் போன மச்சான் வர மாசி பங்குனி ஆகுமோ" என்று எடுத்தேன்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் வாயசைத்தாள். ராஜகுமாரியைவிட நன்றாகவே அசைத்தாள். எதிர் வரிசையில் ஒரு கிழவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி காம்பு கிள்ளத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று முறத்தை இன்னும் உயர்த்திக்கொண்டேன்.

"இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டா இத்தனை நாளா முனங்கிக்கிட்டிருந்தே?" என்றார் கணக்குப்பிள்ளை, திரும்பாமலே. "அடுத்தவ பாடட்டும்."

எனக்குத் தெரிந்த நாற்பது குரல்களில் மட்டமான ஒன்றை எடுத்தேன். நாடகத்தில் சூனியக்காரிக்கு நான் கொடுத்த குரல். கிட்டங்கியே சிரித்தது. பொதிமாட்டுக்காரர் மாட்டின் காதைப் பொத்தினார்.

"நீ வாயை மட்டும் அசைச்சதே புண்ணியம், தாயி" என்றார் கணக்குப்பிள்ளை. பானைக்குப் பின்னால் கிடந்த தோலை எலி தின்றதாக அன்றைக்கு முடிவாயிற்று.

சாயங்காலம் வெரசாக நடந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். இவளிடம் மாட்டிக்கொண்டோம், இனி காலம் முழுக்க இவளுக்குப் பாடியே சாகவேண்டும் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். வாய்க்கால் பாலத்தில் என் முந்தானையைப் பிடித்தாள்.

"மசக்கைக்கா. வாயில காய் இல்லாட்டி குடலைப் பெரட்டுது. மாட்டிக்குவேன்னு பயந்து உன்னையக் காட்டிக் குடுத்துட்டேன்."

"சரி, விடு" என்றேன், சூனியக்காரிக் குரலில்.

அவள் விடவில்லை. "அன்னிக்கு நாடகத்துல அப்பன் செத்ததுக்கு அழுதது நீதானே?"

"எந்த நாடகம்?"

"எங்க அப்பு போன வருசம் மலை ஏறுற மெட்டுல மழையில செத்தாரு. எனக்கு அழுகையே வரலே, ஊரே ஏசுச்சு. அந்த நாடகத்துலதான் அழுதேன். அழுதது அந்த ஆம்பளை இல்லேன்னு அப்பவே தெரியும்க்கா. சேலை நல்லாத்தான் கட்டியிருந்தான். ஆனா அவன் கண்ணு காஞ்சு கெடந்துச்சு."

பதினோரு வருசத்தில் ஒரு உயிர் அதைக் கேட்டதில்லை. இவள் நாளைக்கே கிட்டங்கியில் சொல்லிவிடலாம். என் சோறு இவள் வாயில் இருந்தது. பொய் சொல்ல நாற்பது குரல் இருந்தன எனக்கு. ஒன்றும் வரவில்லை.

"எங்கப்பா அன்னிக்குக் காலையிலதான் செத்தாரு" என்றேன். கிட்டங்கிக்கு வந்த பிறகு என் சொந்தக் குரலில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பச்சையாக, பருத்ததாக ஒரு ஏலக்காயை எடுத்து என் கையில் வைத்தாள். என்னையும் கூட்டுக் களவாணி ஆக்கி வாயடைக்கப் பார்க்கிறாளோ என்று சந்தேகமாகத்தான் இருந்தது. வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.