மேஜர் மறுத்த கறுப்பு கில்ட்

இஷ்பெல் மன்ரோவின் கில்ட்டைப் பாவாடை என்று கிண்டல் செய்தவனின் கார்ச் சக்கரத்தை அவள் பாதிதான் முடுக்கி அனுப்புவாள் என்று க்ளென்டார்வி ஊரில் பேசிக்கொள்வார்கள். பொய். முழுசாக முடுக்குவாள், கழற்ற இன்னொருவனால் முடியாதபடி.

மலைநாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றி முழங்கால்வரை கட்டும் கொசுவ உடைதான் கில்ட்; அவளுடையது கறுப்புக் கித்தானில் தைத்தது. பின்னால் கொசுவம், பக்கத்துக்கொரு பை. ஒன்றில் ஸ்பேனர், மற்றதில் மதியத்துக்கான ரொட்டி. லாரிக்கடியில் மண்டியிட்டே பிழைக்கிறவளுக்கு எந்தக் கால்சட்டையின் முழங்காலும் மூன்று மாதம் தாங்காது.

பிறந்தது பண்ணைக்காரர் கொடுத்த வீட்டில். அப்பா பண்ணையில் வேலிக் காவல். அவர் செத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பதினேழு வயதில் டயர்க்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவள், நாற்பதில் சொந்தக் கடை போட்டாள். கடைக்குப் பின்னால் சம்மட்டி எறிந்து பழகினாள். வெளியூர் விளையாட்டு விழாக்களில் பெண்களோடு எறிந்து பரிசும் வாங்கினாள். பிறந்த ஊர்த் திடலில் மட்டும் பெண்ணுக்கு இடமில்லை. ஆண்கள் எறிவார்கள், அவள் தேநீர் ஊற்றுவாள். இந்த ஆண்டுதான் விழாக் குழு மனமிரங்கியது.

மனமிரங்கியவர்கள் ஒரு வரியையும் சேர்த்தார்கள்: பாரம்பரிய கில்ட் மட்டுமே.

குழுக் கூட்டத்தில் தலைவர், பழைய பிரபு வம்சத்து மேஜர் கின்லாக், குரலில் தேன் தடவிச் சொன்னார். “பாரும்மா, உன்மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா பை வச்சுத் தச்சது கில்ட்டா? எட்டு கஜம் கம்பளி, அவங்கவங்க குலத்துக்குன்னு நெஞ்ச கட்டம், அளவெடுத்துத் தச்ச கொசுவம். அதுதான் நம்ம முன்னோர் கட்டினது.”

“யாரோட முன்னோர், மேஜர்? உங்க ஆளுங்க எங்க ஆளுங்க கூரைக்குத் தீ வச்சப்போ கட்டியிருந்தாங்களே, அவங்களா?”

யாரோ இருமினார்கள். இருமலுக்குள் சிரிப்பு இருந்தது.

அவள் சொன்னதில் பிழையில்லை. ஒரு காலத்தில் அரசாங்கமே மலைநாட்டானின் இந்த உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறகு குடியானவனை விரட்டிவிட்டு அவன் நிலத்தில் செம்மறியாடு விட்ட பிரபுக்கள், விரட்டப்பட்டவன் உடையைத் தாங்களே கட்டிக்கொண்டு ஓவியனுக்கு முன்னால் நின்றார்கள். குலத்துக்கொரு கட்டம் என்று பிரித்ததில் பெரும்பங்கு நெசவாலைக்காரர்களின் வியாபாரம். பழைய விளம்பரத்துக்குத் தூசி படிந்தால் பாரம்பரியம் என்று பெயர்.

இஷ்பெல் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு பழைய போர்ச் சித்திரம். வீரர்கள் எல்லாரும் நீளப் போர்வை ஒன்றை மடித்து, இடுப்பில் வார் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டிருந்தார்கள்.

“அதுல தையல் எங்க இருக்கு? குலக் கட்டம் எங்க? அது பாரம்பரியமா இல்லியா?”

“அதவிடப் பழசு ஏது?” என்றார் மேஜர், தன் வாயாலேயே.

“சரி. அதையே கட்டிட்டு வரேன்.”

வீட்டில் இருந்த ஒரே நீளக் கம்பளிப் போர்வை நாயினுடையது. கணவன் ஃபெர்கஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டான். “ஏய், இதத் தொவச்சாவது கட்டு.”

“முன்னோர் தொவச்சாங்களா?”

சனிக்கிழமை திடலில் நடுவர் ஊனா அவளைச் சுற்றி வந்து பார்த்தாள். வயிற்றைப் பிடித்துச் சிரித்து முடித்தபின், “விதிப்படி சரிதான், போ” என்றாள்.

இஷ்பெல் கால்களை ஊன்றிச் சம்மட்டியைத் தலைக்கு மேல் சுழற்றினாள். இரண்டாம் சுற்றில் வார் நெகிழ்ந்தது. மூன்றாம் சுற்றில் சம்மட்டி வடக்கே போயிற்று, போர்வை காலடியில் விழுந்தது. கில்ட்டுக்குள்ளே என்ன என்று உலகமே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு அன்று விடை கிடைத்தது: முழங்கால்வரை கறுப்புச் சைக்கிள் கால்சட்டை, பின்புறம் சிறு கிழிசல்.

“அந்தப் பழைய தடைச் சட்டத்தத் திருப்பிக் கொண்டாங்கடா!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். ஊனா நாடாவைப் பிடித்து அளந்து, “எறிஞ்சது செல்லும்” என்றாள். போர்வையைக் கையால் தொட அவள் தயாராயில்லை.

அறிவிப்பாளர் மேடையில் மேஜரின் முகம், கழுவிய பீட்ரூட் போலிருந்தது. பக்கத்திலேயே வெளிநாட்டு விருந்தாளிகள். எல்லார் கையிலும் கேமரா. இன்னும் இரண்டு எறிதல் பாக்கி. இஷ்பெல் போர்வையை எடுத்து உதறினாள். நாய்மயிர் பறந்தது. நிதானமாக மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

“இஷ்பெல்!” மேஜர் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். “உன் பை வச்ச சனியனையே கட்டித் தொலை, தாயே!”

“சரியாக் கேக்கல, மேஜர்.”

“அனுமதி! அனுமதின்னு சொல்றேன்!”

கறுப்புக் கித்தானைக் கட்டிக்கொண்டு வந்தாள். பரிசு அநேகமாக, கூட எறிந்த பக்கத்து ஊர்ச் செவிலிக்குத்தான். செவிலி எறிந்தது இஷ்பெல் எறிந்ததைவிட ஒரு முழம் அதிகம். போகட்டும். எறிந்து தோற்பதற்குத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள். எறியாமல் தோற்றது போதும்.

“அடுத்து, க்ளென்டார்வி, இஷ்பெல் மன்ரோ” என்றார் மேஜர், உடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல்.

பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து ஃபெர்கஸிடம் கொடுத்துவிட்டு, அவள் சம்மட்டியைப் பிடித்தாள்.