பென் டிரைவ் போடுற ஓட்டை செத்துப்போச்சு

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் கம்ப்யூட்டரோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும் என்று நினைத்து யாராவது இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால், தயவுசெய்து வேறு வேலை பாருங்கள். கம்ப்யூட்டர் பாவம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. நம் உயிரை வாங்குவது அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான்.

பென் டிரைவ் எங்கள் பக்கம் பரவ ஆரம்பித்த சமயத்தில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற புகாரில் பாதி ஒரே புகார்தான், யூஎஸ்பி போர்ட் வேலை செய்யவில்லை. அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "ஓட்டை செத்துப்போச்சு" என்பார்கள். எந்த ஓட்டை, எப்படிச் செத்தது, கடைசியாக அதில் எதைச் செருகினார்கள் என்பதையெல்லாம் நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாளிக்குக் காஞ்சிபுரத்தில் பெரிய கடை. உத்திரமேரூர் கிளைக்கு டிப்ளமோ முடித்த மெக்கானிக் தேவை என்று சொல்லி வைத்திருந்தார். வந்தது நான், ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, ஸ்க்ரூ டிரைவரை நம்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதனால் ஒரு நிபந்தனை போட்டார். பெண்ணை அனுப்பிவிட்டீர்களே என்று ஒரே ஒரு கஸ்டமர் குறை சொன்னாலும் நான் பில் போடும் மேஜைக்குப் போய்விட வேண்டும். பில் போடுவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் நான் ராத்திரி பகலாகப் படித்தது அதற்காக இல்லை. என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கும் அதிகாரம், பென் டிரைவை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்றுகூடத் தெரியாத ஒவ்வொருவருக்கும் கிடைத்துவிட்டது. இதே தொழிலில் நொந்துபோயிருப்பவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

பின்னாடி பாருங்க

மாகறலிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்தார். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். நான்தான் மெக்கானிக் என்றேன். பிறகு, வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார். சிபியூவின் முன்பக்கம் பென் டிரைவைச் செருகினால் எதுவும் வரவில்லையாம்.

முன்பக்கம் வேலை செய்யாவிட்டால் பின்பக்கம் செருகிப் பார்க்கச் சொல்வது நம் வழக்கம். "முன்னாடி போர்ட்டு சரியில்லன்னா பின்னாடி போர்ட்டைப் பாருங்க" என்றேன். இருங்க என்று சொல்லி ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாய் குரைத்தது. யாரையோ தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு பென் டிரைவைப் பின்பக்கம் செருக நாய் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. காத்திருந்தேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் எரிச்சலோடு சொன்னார்: "முன்னாடி போர்டு நல்லாத்தாம்மா கீது, போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சேன், பின்னாடி ஏது போர்டு, பின்னாடி வாய்க்கா கீது."

ஆயுத பூஜைக்கு மறுவாரம்

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் இந்தத் தொழிலில் யாரும் லீவு போடக் கூடாது. மானிட்டருக்குப் பட்டை போடுவார்கள், கீபோர்டுக்குப் பொரி தூவுவார்கள். அதெல்லாம் துடைத்தால், தட்டினால் போய்விடும். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தவரின் பக்தி இன்னும் நுணுக்கமானது. கம்ப்யூட்டருக்கு எங்கே பொட்டு வைப்பது என்று யோசித்திருக்கிறார். வண்டி என்றால் ஹெட்லைட்டுக்கு வைக்கலாம், இதற்கு முகம் எது என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இருக்கிற ஓட்டைக்கெல்லாம் தீக்குச்சியால் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் அப்பிவிட்டார். குழைத்த சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து கல்லாகிவிட்டது.

ஊசியும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து சுரண்டினேன். ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் சந்தனம் பொடிப்பொடியாகக் கொட்டியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். நான் என்னமோ கர்ப்பக்கிரகத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. முதலாளிக்குப் போன் போடப்போகிறார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து, பென் டிரைவ் லைட் எரிந்ததும் வாயைத் திறந்தார்: "சாமிக்கு வெச்சத பொம்பள எடுக்கலாமான்னு ரோசன பண்ணிக்கினு இருந்தேன், சரி போ, வர வெள்ளிக்கெயம நானே திரும்ப வெச்சிக்கிறேன்."

உள்ளே போகிறதே

ஒரு ரிடையர்ட் அதிகாரி. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், கேட்டால் சொல்லி முடிக்க மாட்டார். பென் டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது என்று வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், பென் டிரைவ் இன்டர்நெட் ஒயர் மாட்டுகிற லேன் ஓட்டையில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பக்கத்து ஓட்டையில் செருகினேன், வந்துவிட்டது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை, குறைந்தபட்சம் கொஞ்சம் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை உட்காரவைத்து விசாரணை நடத்தினார்: "உள்ள போவுது இல்ல, போவுதுன்னா அது அதுக்கு உண்டான ஓட்டைன்னுதானம்மா அர்த்தம்?"

படித்த பிள்ளை

தெரியாதவர்களைக்கூட மன்னித்துவிடலாம். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படி ஒரு பிள்ளை, வீட்டு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மெதுவாக வேலை செய்கிறது என்று தானே வைத்தியம் பார்த்திருக்கிறான். எங்கேயோ படித்துவிட்டு, செட்டிங்ஸ் உள்ளே போய் யூஎஸ்பி சம்பந்தப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறான். அவன் கையில் பிடித்திருந்த மவுஸும் யூஎஸ்பி, தட்டிக்கொண்டிருந்த கீபோர்டும் யூஎஸ்பி. அம்புக்குறி திரை நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

நான் கடையிலிருந்து யூஎஸ்பி தேவைப்படாத பழைய உருண்டை பின் கீபோர்டு ஒன்றைக் கொண்டுபோய் மாட்டி, நிறுத்தியதையெல்லாம் திரும்ப இயக்கினேன். அவன் அம்மா காபி கொண்டுவந்து என்னிடம் கொடுக்காமல் அவனிடம் கொடுத்தார், பிள்ளை காலையிலிருந்து கஷ்டப்படுகிறதாம். அம்புக்குறி நகர்ந்ததும் அவன் காபியை உறிஞ்சிக்கொண்டே அம்மாவிடம் சொன்னான்: "நான்தான் அப்பவே சொன்னேனே, மவுஸுதான் கம்ப்ளைண்டுன்னு."

பழையசீவரம் ஸ்டுடியோ

அதுவரை யாரும் என்னைப் பற்றி முதலாளியிடம் வாய்திறக்கவில்லை. திறந்தவர் பழையசீவரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஒரு கல்யாணத்தின் மொத்தப் போட்டோவும் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. பென் டிரைவில் ஏற்றி ஆல்பம் போட அனுப்ப வேண்டும். எந்த ஓட்டையும் வேலை செய்யவில்லை. பெண் வீட்டார் காலையிலிருந்து போன் செய்து திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் பையோடு உள்ளே நுழைந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை. என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டார். "இன்னா சார், மெக்கானிக்க அனுப்பச் சொன்னா ஒரு பொண்ண அனுப்பிக்கீறீங்க?"

அவ்வளவுதான், என் கதை முடிந்தது. போனை என்னிடம் நீட்டினார். முதலாளி, எதையும் தொடாதே, கிளம்பி வந்துவிடு, நாளைக்கு வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "சரி சார்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் தரையில் உட்கார்ந்து சிபியூ கேபினெட்டைக் கழற்றினேன். பில் மேஜைக்குத்தான் போகப்போகிறேன், போகிறதுதான் போகிறோம், இதைப் பார்த்துவிட்டே போகலாம் என்று இருந்தது.

முன்பக்கத்து ஓட்டையில் யாரோ பென் டிரைவைத் தலைகீழாக முட்டித் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற பட்டை உடைந்து, பின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒரு ஷார்ட்டால் கம்ப்யூட்டர் பயந்துபோய் எல்லா ஓட்டைக்கும் கரண்டை நிறுத்தியிருந்தது. முன்பக்கத்து ஒயரை மட்டும் மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு ஆன் செய்து, பென் டிரைவைப் பின்பக்கம் செருகினேன். சிவப்பு லைட் எரிந்தது. ஸ்டுடியோக்காரர் இன்னும் போனை வைக்கவில்லை. என் தலைக்கு மேல் நின்று லைட்டைப் பார்த்துவிட்டு, போனில் தழுதழுத்தார். "சார், எரியுது சார். இன்னா ராசி சார் உங்குளுது, நீங்க பேசிக்கினு இருக்கும்போதே ரெடி ஆயிடுச்சி."

நான் ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போட்டோவெல்லாம் ஏறி முடிக்கும்வரை அவர் முதலாளியின் ராசியைப் பற்றியே பேசினார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வரவில்லை.

மறுநாள் பில் மேஜையில் உட்காரத் தயாராகத்தான் கடைக்குப் போனேன். முதலாளி காஞ்சிபுரத்திலிருந்து காலையிலேயே வந்து காத்திருந்தார், முகமெல்லாம் பூரிப்பு. புகாரைப் பற்றியும் பேசவில்லை, தொடாதே என்று சொன்னதைத் தொட்டதைப் பற்றியும் பேசவில்லை. அடுத்த கஸ்டமரின் விலாசத்தைச் சொல்லி, அவரிடம் தான் ஏற்கெனவே போனில் பேசிவிட்டதாகவும் சொல்லி, ஸ்க்ரூ டிரைவர் பையைத் தானே எடுத்து என்னிடம் நீட்டினார்: "நீ தைரியமா போய் கயட்டி மாட்டும்மா, பாக்கிய நான் இங்க இருந்து பேசிக்கிறேன்."

அந்தக் கடையில் வேலை பார்த்த வரைக்கும் ஸ்க்ரூ டிரைவர் என் கையைவிட்டுப் போகவில்லை, ராசி மட்டும் கடைசிவரை முதலாளியிடமே இருந்தது.