முதல் சுற்றில் மூன்றாவது ஆள்

வியாழக்கிழமை கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு விவாகரத்து முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் தன் மச்சினன் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

பதினோரு வருடக் கல்யாணம். அதில் ஆறு வருடமாக அவரும் மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு கூடைப்பந்து அணி வைத்திருந்தார்கள். மைதானத்தில் ஓடுகிற அணி இல்லை, ஃபேன்டசி லீக். மச்சினனின் ஆபீஸில் பத்து அணிகள். சீசனுக்கு முன் ஒருநாள் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் தொட முடியாது. அந்த ஆள் போடுகிற கூடை, கூடையில் விழாமல் தெறிக்கிற பந்தைப் பிடிக்கிற ரீபவுண்ட், கொடுக்கிற பாஸ் எல்லாம் எடுத்த அணிக்குச் சேரும்.

மச்சினன் கதவைத் திறந்தான்.

"வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்தேன் மாமா."

"வரக்கூடாதா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல. உள்ள வாங்க. அக்கா வெளிய போயிருக்கா. மதியம்தான் வருவா."

கோர்ட்டுத் தாளில் மச்சினனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'மாமா' இனிமேல் செல்லுமா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

இந்த வருடம் அவர்கள் மூன்றாவதாக ஆள் எடுக்க வேண்டும். அடுத்த சுற்று தலைகீழாகத் திரும்பும் என்பதால் மறுபடி கை வைப்பதற்குள் பதினாலு பேர் போய்விடுவார்கள். அதனால் முதல் ஆள் பிசகக்கூடாது. இதில் இருவருக்கும் வருடா வருடம் வாய்த்தகராறுதான். மச்சினனுக்குப் பளபளப்பு வேண்டும். மெக்கானிக்கின் கட்சி வேறு. கூடை போடுகிறவன் கடைசிச் சுற்றிலும் கிடைப்பான், ரீபவுண்டும் பாஸும் சேர்ந்து தருகிற நெட்டையன் கிடைக்கமாட்டான், அதிலும் ஒரு ஆட்டமும் தவறாமல் இறங்குகிறவனாகப் பார்த்து முதலில் எடு என்பார்.

"நீங்க ஆளைப் பாக்குறீங்களா, மோட்டாரைப் பாக்குறீங்களா மாமா?" என்று மச்சினன் கேலி செய்வான். அன்றைக்கும் கேட்டான். சிரிக்க வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. வாய் அதற்கு வரவில்லை.

"உங்க இஷ்டம் மாமா. இந்தத் தடவை நான் குறுக்க வரல," என்றான் மச்சினன்.

அந்த விட்டுக்கொடுத்தலும் அவருக்குப் புதிதாக இருந்தது. அதைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை.

முதல் இரண்டு பேர் எதிர்பார்த்தபடியே போனார்கள். திரையில் அவர்களுக்கான தொண்ணூறு விநாடி இறங்கத் தொடங்கியது. நெட்டையன் இரண்டாவது வரியில் இருந்தான். முதல் வரியில், போன வருடம் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட நட்சத்திரம். மெக்கானிக் மவுஸில் கை வைத்தார்.

வாசல் கதவு திறந்தது. மதியம்தான் வருவாள் என்றிருந்த அவள், ஒரு கையில் பையும் மறு கையில் குடையுமாக நின்றாள். எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் அவர் பாதி எழுந்தார்.

"டீ குடிச்சீங்களா?" என்றாள்.

பதினோரு வருடமாக வீட்டுக்குள் நுழையும்போது கேட்ட அதே குரல். கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை. அவர் தலையசைத்தார். குடித்தேன் என்றா இல்லை என்றா, அவருக்கே புரியவில்லை. அவள் பையை மேஜையில் வைத்துவிட்டு உள்ளறைக்குள் போனாள்.

திரும்பியபோது நேரம் முடிந்திருந்தது. பட்டியலில் முதலில் இருந்தவனைக் கம்ப்யூட்டரே எடுத்துவிட்டது. முழங்கால்காரன். அடுத்த நொடியே நெட்டையனை வேறு யாரோ தூக்கிவிட்டார்கள்.

மச்சினன் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தான். நினைத்திருந்தால் அவனே மவுஸைத் தட்டியிருக்கலாம்.

"விடுங்க மாமா. எனக்குப் பிடிச்ச ஆளுதான்," என்றான் மெதுவாக.

பதினெட்டாவதாக ஒரு பாஸ்காரனை எடுத்தார்கள். மிச்சத்தை மச்சினனே பார்த்துக்கொண்டான்.

முழங்கால்காரன் இருபத்துமூன்று ஆட்டம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பத்து அணியில் அவர்களுக்கு எட்டாவது இடம். அதற்குள் அவள் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருந்தாள். மச்சினன் ஃபோனில் சொன்னபோது "நல்லது" என்றார். நல்லதா என்று யோசித்துப் பார்க்கவில்லை.

மார்ச்சில் ஒருநாள், ஏழாவது மாடியில் லிஃப்ட்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வயிற்றை என்னவோ பிசைந்தது. நோவோ என்று முதலில் பயந்தார். பசி. மாதக்கணக்கில் மணி பார்த்துச் சாப்பிட்டவருக்கு அது அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டார்.