ஐந்து கிராம் வவ்வால்

அருப்புக்கோட்டையில் அப்பா நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேரின் இருமலுக்கு அவர்தான் பொட்டலம் மடித்துக் கொடுப்பார். சொந்த மகனின் இளைப்பு மட்டும் அவருடைய எந்தப் பொட்டலத்துக்கும் மசியவில்லை. தம்பிக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பத்து. வாடைக் காற்று கிளம்பிவிட்டால் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

நரிக்குடியிலிருந்து சரக்கு வாங்க வந்த ஒருவர், "இதுக்கு வவ்வா கறிதான். வேற எதுக்கும் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே மாமாவைத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பினாள். அங்கே கண்மாய்க்கரை ஆலமரத்தில் பெரிய வவ்வால்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். அவை மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. கவணோடு வந்த மாமாவைச் சும்மா விடுவார்களா? செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் கடைப் பெயர்ப்பலகையைத் துடைக்கும்போது அதன் பின்னாலிருந்து ஒரு வவ்வால் விழுந்தது. கட்டைவிரல் நீளம்தான் உடம்பு. சிறகை மடக்கினால் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அம்மாவிடம் ஓடினேன்.

"இது ஒரு வாய்க்குக் காணுமாடி? கொண்டுபோயி வெளிய விடு."

நான் விடவில்லை. ஆலமரத்து வவ்வாலின் குட்டி இது, தீனி போட்டால் கோழி அளவுக்கு வளரும் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்பா சாப்பிடப் போன நேரம் பார்த்து, குங்குமப்பூ நிறுக்கும் சின்னத் தராசில் அதைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். ஐந்து கிராம் கல்லுக்குச் சரியாக நின்றது.

பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு அதை அடைத்தேன். வாழைப்பழமும் கொய்யாப்பழமும் பிசைந்து வைத்தேன். சாயங்காலம் டப்பாவை மொய்த்த கொசுக்களை விசிறியால் விரட்டினேன். அது எதையும் தொடவில்லை. மறுநாள் நிறுத்தபோது கல் வைத்த தட்டு கீழே இறங்கியது. முரண்டு பிடிக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பழம் வைத்தேன்.

தம்பி டப்பாவில் காதை வைத்துக்கொண்டே கிடந்தான்.

"அக்கா, விட்டுரு. அதுக்கும் மூச்சு முட்டும்ல."

"ஏலே, உனக்காகத்தான வளக்கேன்."

"எனக்கு வேணாம்க்கா. நான் இப்பிடியே இருந்துக்கிறேன்."

மூடியை இறுக்கி, அவன் கைக்கு எட்டாத தட்டில் தூக்கி வைத்தேன்.

நான்காம் நாள் திறந்தபோது செத்துக் கிடந்தது. அப்போதும் நிறுத்துப் பார்த்தேன். மூன்று கிராம்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அந்த இனமே அவ்வளவுதான். கொசுவும் பூச்சியும்தான் தின்னும், பழத்தை ஏறெடுத்தும் பார்க்காது. விசிறியை வைத்து நான் விரட்டியது அதன் சாப்பாட்டை. அது குட்டியும் இல்லை. வளர்ந்து முடித்த ஒன்று. அதற்கு மேல் அது வளர ஒரு கிராம்கூட மிச்சமில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. தம்பியின் இளைப்பு பன்னிரண்டு வயதில் தானாகவே விட்டுப்போனது.

அது செத்த அன்று தம்பி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இளைப்பு கூடிவிட்டது, அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்து, அப்பாவின் தைலத்தை எடுத்து அவன் நெஞ்சில் தேய்த்தேன். கையைத் தள்ளிவிட்டான். எரிகிறது போலிருக்கிறது என்று, இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தேன்.