பெயர் வெட்டாத டப்பா

ஊரே ஒருத்தரை நல்லவர் என்று சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பிறவிக் குணம், என்ன செய்ய? எங்கள் அண்ணனைச் சிஞ்ச்வட் முழுக்க அப்படித்தான் சொன்னது. கூடப் பிறந்தவர்கள் நாங்கள் எட்டுப் பேர். அவர் மூன்றாவது, நான் கடைசித் தங்கச்சி. அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து பூனா பக்கம் இந்தச் சிஞ்ச்வட்டுக்கு வந்த குடும்பம். பாதிப் பேர் இன்னமும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். ஆனால் அடுப்பு எரிவது மதினி வீட்டில், அதாவது அண்ணன் வீட்டில்தான்.

பெரிய அண்டாவில் வடித்துக் கொட்டுவார்கள் மதினி. அண்ணன் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டுக் கரண்டியைத் தூக்குவார். எங்களுக்கு, எங்கள் பிள்ளைகளுக்கு, வந்தவன் போனவனுக்கு எல்லாம் பரிமாறுவார். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்பார். கடைசியில் ஆறிப்போன சோற்றைச் சட்டியோடு வழித்துச் சாப்பிடுவார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா, உள்ளே என்னமோ இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பாருக்குத் தட்டை நீட்டுவேன்.

அவர் ஒரு சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாவி மனுஷன், ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவருடைய ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தப் போனேன். டிக்கியைத் திறந்தேன். தற்செயலாக இல்லை, பார்க்கத்தான் திறந்தேன். உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பா. எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அப்பா பெயர் வெட்டியிருக்கும். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கரண்டிகூடக் கைமாறிப் போய்விடக் கூடாதே. இந்த டப்பாவில் பெயரே இல்லை. திறந்தால் உள்ளே முந்திரிக்கொத்து. மதினியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

மதினி ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தார்கள். "ஏட்டி, இது நான் சுட்டதுல்லா? இத யாருக்குக் கொண்டுபோக எடுத்து வச்சாவ?"

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்படியென்றால் இந்த டப்பாவில் யாரோ அண்ணனுக்கு எதையோ ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! ஒருத்திதான் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

சனிக்கிழமை என்றால் ஓவர்டைம் என்று சொல்லி அவர் பொழுது சாயத்தான் வருவார். கூட வேலை பார்த்த ஒருத்தரைப் பிடித்துக் கேட்டேன். "சனிக்கிழமை ஓவர்டைமா? அதெல்லாம் நின்னு வருஷக்கணக்காச்சேம்மா" என்றார். இதை நான் மதினியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

அதோடு மதினி அழுகையை நிறுத்திவிட்டார்கள். "பதினாறாம் நாள் படையல நான் வைக்க மாட்டேன். அந்த டப்பாக்காரிய வந்து வைக்கச் சொல்லு." பெரிய அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். செத்தவன் மேல் பழி போடாதே என்று அதட்டியும் பார்த்தார். மதினி அசையவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் வைக்காத படையல் என்ன படையல்?

பதினாறாம் நாள் காலையில் அந்த டப்பாவைக் கழுவி, வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். பொறிதான். யார் கண் அதில் நிற்கிறது என்று பார்க்க, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வந்த பெண்களை எல்லாம் தலை முதல் கால் வரை அளந்தேன். கத்திரிப்பூச் சேலைக்காரி ஒருத்தி டப்பாவைத் தொட்டாள். நாற்காலி நுனிக்கு வந்தேன். அவள் அதை நகர்த்திவிட்டுத் தன் செருப்பை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு மராத்திக்காரர் வந்தார், வயசானவர். டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னோடது" என்றார் மராத்தியில்.

நான் எழுந்தேவிட்டேன். "உங்க வீட்ல யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

"மகள்? மருமகள்?"

"யாரும் இல்லம்மா. சமையல்கூட நானேதான்."

நான் நம்பவில்லை. உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தே கேட்டேன். அவரும் நின்றபடியே சொன்னார். ரிட்டையர் ஆகும்வரை அண்ணனுக்குப் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தவராம். "சனிக்கிழமை மத்தியானம் வருவான். அடுப்புக்கு எதிரே உட்காருவான். நான் சோள மாவைத் தட்டி பாக்ரி சுடுவேன். முதல் பாக்ரி எனக்குன்னு தட்டை நீட்டுவான், சின்னப் பிள்ளை மாதிரி. கல்லுலேர்ந்து எடுத்த சூட்டோட போடணும். தின்னுட்டுச் சுவத்துல சாய்ஞ்சு கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். போகும்போது மிச்சத்தை இந்த டப்பாவுல வச்சுக் கொடுப்பேன்."

"இதுல மறைக்க என்ன இருக்கு? வீட்ல சொல்ல வேண்டியதுதானே?"

"நானும் கேட்டேன். வஹினி அத்தனை பேருக்கு வடிச்சுக் கொட்டுறா, அவன் தட்டுல ஒருநாளும் சூடா விழலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா, தெரியவே வேண்டாம்னான்."

வஹினி என்றால் மராத்தியில் மதினி. அப்போதும் நான் அவர் முகத்தில் பொய் இருக்கிறதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால் மதினி நிற்கிறார்கள். அவர்களுக்கு என்னைவிட நன்றாக மராத்தி வரும்.

மதினி நேராக உள்ளே போனார்கள். வடித்த சோறு அப்போதுதான் இறங்கியிருந்தது. அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, கரண்டியைத் தேடாமல் கையாலேயே அள்ளி வைத்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது.

"கொஞ்சம் ஆறட்டும்மா, இலை வெந்து போவும்" என்றார் பெரிய அண்ணன்.

"வெந்தா வேவட்டும். ஆறக் கூடாது." சிவந்துபோன கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள்.

அந்த வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அண்ணனுக்கு விழுந்த சோறு அது ஒன்றுதான்.