காலி நாற்காலியும் ஒரு சீமந்தமும்

அணுவை நான் தீட்டு என்றுதான் நினைத்தேன். தொட்டால் ஒட்டும், தொட்டவனைத் தொட்டவனுக்கும் ஒட்டும், தலைக்குக் குளித்தால் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? பௌதிகம் படித்தவன்தான். ஆனால் படித்ததெல்லாம் பரீட்சைத் தாளோடு போய்விட்டது. தீட்டு மட்டும் தங்கிவிட்டது.

அறுபதுகளில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருந்த என்னைப் புது மெஷினுக்கு மாற்றினார்கள். தைராய்டு கோளாறுக்கான பரிசோதனை அது. பம்பாயிலிருந்து ஈயச் சிமிழுக்குள் ரயிலேறி வரும் கதிரியக்க அயோடினைத் தண்ணீரில் கலந்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பேன். மறுநாள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்துக்கு நேரே ஒரு குழாயை நீட்டுவேன். தைராய்டு எவ்வளவு அயோடினைப் பிடித்து வைத்திருக்கிறதோ அந்த அளவுக்கு மெஷின் கடகடக்கும். “துளி மருந்துதாங்க, ஒண்ணும் பண்ணாது” என்று எல்லாருக்கும் தைரியம் சொல்லுவேன், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

டாக்டரின் கட்டளை ஒன்று உண்டு. யாரையும் உட்காரவைக்கும் முன் காலி நாற்காலியை மெஷினுக்குக் காட்ட வேண்டும். சும்மா இருக்கிற அறையிலும் கொஞ்சம் கதிர் இருக்கும். அதைக் கழித்தால்தான் மிச்சம் நோயாளியுடையது. நாற்காலிக்கு நோய் பார்க்கிற ஒரே ஆஸ்பத்திரி இதுதான் என்று நான் கேலி செய்வதுண்டு.

தினமும் வேலை முடிந்ததும் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் படித்துறையில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பாவத்தையே கரைக்கிற காவிரிக்கு அயோடின் எம்மாத்திரம்! என் மனைவி இதைப் பக்தி என்று நினைத்து அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். அந்த வெள்ளிக்கிழமை சீமந்தம். அதில் ஒரு கட்டம் வரும்: ஆலமொட்டை அரைத்துப் பிழிந்த சாற்றைப் புருஷன் தன் கையாலேயே பெண்டாட்டியின் மூக்கில் விட வேண்டும். வாய் வழியாக ஊருக்கே மருந்து கொடுக்கிறவனுக்கு மூக்கு ஒரு பிரமாதமா என்று நான் ஜம்பமாகத்தான் இருந்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில், உப்பிலியபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு மருந்து கலக்கும்போது ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. கையுறை மேல்தான். கழற்றி எறிந்துவிட்டுக் கையையும் கழுவினேன். ஆனால் மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. தீட்டு துணியைத் தாண்டும், ரப்பரைத் தாண்டாதா?

அறையில் யாரும் இல்லை. மெஷினைப் போட்டுவிட்டு, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கழுத்தைக் குழாய்க்குக் கொடுத்தேன்.

கடகடகடவென்று அடித்தது.

வேட்டி நனையவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அன்று காவிரியில் விரல் சுருங்கும்வரை ஊறினேன். பயனில்லை. வெளியே பட்ட தீட்டுக்குப் படித்துறை இருக்கிறது. உள்ளே போனதற்கு எங்கே போவது? என் கழுத்துக்குள் அணு. வீட்டில் பிள்ளைத்தாச்சி. வெள்ளிக்கிழமை அவள் மூக்கில் சாறு விடப்போவது இந்தக் கை.

வீட்டுக்குப் போய் வாசல்படியோடு நின்றுவிட்டேன்.

“ஏன்னா, ஏன் அங்கயே நிக்கறேள்? உள்ள வாங்கோ.”

“இங்கேயே இலையைப் போட்டுடு. நீ கிட்ட வராதே.”

அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவன் குளித்துவிட்டு வந்து எட்ட நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“யார் போயிட்டா? மதுரைப் பெரியப்பாவா? மறைக்காதீங்கோ. தீட்டுன்னா வெள்ளிக்கிழமை சீமந்தம் நின்னு போயிடுமே!”

பெரியப்பாவைச் சாகடித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சீமந்தமும் தள்ளிப்போகும், காரணமும் சொல்ல வேண்டாம். ஆனால் அவர் சீமந்தத்துக்கு வருவதாக ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

“யாரும் போகலை. சீமந்தத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுண்டா என்ன?”

“குழந்தை தள்ளிப் பொறக்குமா?” என்றாள். பிறகு, “என்னைத் தொடப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்கோ.”

அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

“என்னய்யா, மூஞ்சி செத்துப்போயிருக்கு? சரி, உட்காரு” என்றார். உட்கார்ந்தேன். கடகடகட.

“கேட்டீங்களா சார்? எவ்வளவு நாள் தாங்கும்?”

“எந்திரி.”

எழுந்து மூலைக்குப் போனேன். மெஷின் நிற்கவில்லை. நாற்காலியில் ஆளே இல்லை. அது பாட்டுக்குக் கடகடத்துக்கொண்டிருந்தது.

“நேத்து காலி நாற்காலியைப் பாத்தியா?”

அவசரத்தில் அதை மறந்தே போயிருந்தேன். நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. டாக்டர் போய் அதன் மேலாக எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்து பெஞ்சில், பலகையில் முதுகைச் சாய்த்தபடி, பரிசோதனைக்கு வந்து காத்திருந்த அந்த உப்பிலியபுரத்து அம்மாள்.

“அம்மா, நேத்து மருந்து குடிச்சிட்டு எங்க இருந்தீங்க?”

“இங்கதாங்கய்யா. பஸ்ஸு வர வரைக்கும் படுத்துக் கெடந்தேன். காத்தாடி இங்கதானே இருக்கு?”

“கொஞ்சம் அந்தக் கோடிக்குப் போய் உட்காருங்க.”

“அங்க காத்தே வராதுங்களே” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். அவர் போகப் போக, மழை விட்ட ஓட்டுக்கூரை மாதிரி மெஷின் சொட்டி அடங்கியது. டாக்டர் காலி நாற்காலியை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை உட்காரவைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

“உனக்கும் நாற்காலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லய்யா” என்றார்.

வாழ்நாளில் அவ்வளவு நல்ல சர்டிபிகேட் எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை. அன்று சாயங்காலம் படித்துறைப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குப் போய், உள்ளே நுழைந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். “பெரியப்பா நன்னா இருக்காரோன்னோ?” என்று மறுபடி ஒருதரம் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சீமந்தம் நடந்தது. பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சாற்றைப் பிழிந்து மூக்கில் விட்டேன். அவள் என் முகத்திலேயே தும்மினாள்.